ஏழாம் படுக்கையில் ரெண்டு நூல் பெருகிச்சு

1

பசி. அதில் தொடங்குவதுதான் முறை.

1969, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணிக்கு மேரிக்கு அப்படி ஒரு பசி. முந்தின ராத்திரி விடுதியில் குழம்பு தீர்ந்துபோய் வெறும் மோர்சோறு போட்டிருந்தார்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல வயிற்றை யாரோ பிழிந்துகொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து உப்புமா வாசனை பெண்கள் வார்டுக்குள் வந்து நின்றது. வார்டிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஏழாம் படுக்கை. மேரி அதைத் தாண்டிப் போனாள். நிற்கவில்லை.

கதை அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அந்தப் பத்தடி தூரத்தைப் பற்றிய பேச்சு.

இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஐயம்பேட்டையில் ஒரு வீட்டில் தறியில் ஓர் இழை அறுந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடப் போயிருந்த நர்ஸ் மேரி அதைப் பார்த்தாள். தறியில் இருந்தவள் அப்போது ஒரு வார்த்தை சொன்னாள். மேரி வீடு திரும்பி, கால் கழுவாமல்கூட உட்கார்ந்து, தடுப்பூசிப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

மேரி நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ‘நான்’ என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். நாலு தாளைக் கிழித்த பிறகு தெரிந்துகொண்டது இது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் கூசாமல் பேசலாம். திருமுக்கூடல் பக்கத்தில் செங்கல் சூளையில் கல் சுமந்த என் அம்மா சொல்வாள்: “தல தூக்குது, நான் வெறுமன நடக்கறன்.” சுமப்பது வேறு யாரோ என்று நினைத்தால்தான் சுமக்க முடியும். ஆகவே, மேரி.

2

முதல் வரிகள் சில, எழுதி அடித்தவை:

காஞ்சிபுரத்தில் பொழுது விடிவதே தறிச்சத்தத்திலும் கோயில் மணியோசையிலும்தான்— (இது நாட்காட்டியில் படத்துக்குக் கீழே போட வேண்டியது.)

ரூத் தேவசகாயம் என்ற அந்த ஆசிரியை, தாதியர் கல்வியில் ஒரு புதிய ஒளியை— (அவர் காதில் விழுந்தால், “ஏளா, எனக்கே மெடல் குத்துதியா?” என்று சிரிப்பார்.)

சரி, ‘பைய’விலிருந்து வருகிறேன்.

ரூத் டீச்சர் நாசரேத்துக்காரர். எங்கள் ஆஸ்பத்திரியில் துணை நர்ஸ் படிப்புக்குப் பாடம் எடுக்க வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை முதல்முறை நடக்கவைக்க எழுப்பினார். “பைய எந்திரிங்க, பைய” என்றார். தெற்கே அதற்கு ‘மெதுவாக’ என்று அர்த்தம். இங்கே யாருக்குத் தெரியும்? அந்த ஆள் கட்டிலுக்கடியில் குனிந்து தன் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வூட்டுக்குப் போலாமா டீச்சர்? பெரிய டாக்டர் சொல்ட்டாரா?” என்றார். குனிந்ததில் தையல் இழுத்து வலியில் அலறினார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முதலில் டீச்சரும் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

“சிரிக்காதிய. இப்ப அந்தத் தையல் பிரிஞ்சிருந்தா யார் பொறுப்பு?” என்று கேட்டார்.

(இந்தக் கேள்வியை வாசகர் மடித்து மடியில் வைத்துக்கொள்ளவும். டீச்சரும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ தவறவிட்டுவிட்டார்.)

3

நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் அன்று எழுதிய அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ‘நோயாளி நன்றாக உறங்கினார். மலம், சிறுநீர் கழித்தார். புகார் ஏதும் இல்லை.’ எல்லாக் கட்டிலுக்கும் இதே மூன்று வாக்கியம். மூத்த செட்டுக்காரிகள் எழுதினார்கள், நாங்கள் பார்த்து எழுதினோம். ஒரு நாள் மூன்றாம் படுக்கைக் கிழவி விடியற்காலையில் இறந்துபோனாள். அவளுக்கும் ‘நன்றாக உறங்கினார், புகார் ஏதும் இல்லை’ என்றே எழுதியிருந்தது. எழுதியவள் மேரி.

ரூத் டீச்சர் அந்தத் தாளை வகுப்பில் உரக்க வாசித்தார். வாசித்துவிட்டுக் கேட்டார்:

“செத்தவளுக்குப் புகார் இல்லதான். அத நீ எப்படிளா கண்டுபிடிச்ச?”

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, அட்டையில் ‘வீட்டுச்சொல் நோட்டு’ என்று எழுதச் சொன்னார்.

“புஸ்தகத்து வாக்கியம் ஒண்ணுகூட இதுல வரக்கூடாது. கண்டத, கேட்டத, உங்க வீட்டுல அம்மாட்ட எப்படிச் சொல்லுவியளோ அப்படி எழுதுங்க. பிழை இருக்கட்டும். பொய் இருக்கக்கூடாது.”

சனிக்கிழமைகளில் வலிச்சொல் வகுப்பு. ஒருத்தி கட்டிலில் படுத்து வலியை நடிக்க வேண்டும். மற்றவர்கள் அது என்ன வலி என்று வார்த்தை சொல்ல வேண்டும். குத்துது, கடுக்குது, உளையுது, பிசையுது, குடையுது, சுரீர்ங்குது, விண்ணுவிண்ணுங்குது. ஒரே மாதத்தில் கரும்பலகை கொள்ளவில்லை. எந்தச் சொல் எந்த உறுப்பு என்று டீச்சர் கோடு இழுப்பார். பிசைந்தால் குடல். விண்ணென்று தெறித்தால் சீழ். ‘மாருல மூட்டை ஏத்தினாப்ல’ என்று எவராவது சொன்னால், பேனாவைப் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடு.

மேரிக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. சூளையில் வளர்ந்தவளுக்கு வலிச்சொல்லுக்கா பஞ்சம்? “வேகாத கல்ல தட்டினா வருமே ஒரு சத்தம், பொத்துனு. அந்த மாரி கேக்குது டீச்சர், அவங்க வயித்த தட்டினா” என்று ஒரு தரம் எழுதினாள். வயிற்றில் நீர் கோத்திருந்த நோயாளி அது. டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் வரைந்தார். அழகான, சரியான சொல்லுக்கு அவர் கொடுக்கும் பரிசு. மேரி அந்த நட்சத்திரத்தை ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். (நோட்டோடுதான். இதைப் படித்து யாரும் நெகிழ வேண்டாம். பதினெட்டு வயதில் எல்லோரும் அப்படித்தான்.)

ஆனால் நட்சத்திரங்கள் பெரும்பாலும் லோகாம்பாளுக்குத்தான் போயின.

4

லோகாம்பாள். நெசவு வீட்டுப் பெண். ஐயம்பேட்டை. குரல் எழும்பாது. நடித்தால் மட்டும் தைரியம் வரும். அவள் பிரசவ வலி நடித்தபோது கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். விடுதியில் அவளுக்கும் மேரிக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

அவளைப் பற்றி நல்லதாக ஒரு பத்தி எழுதலாம் என்று பார்க்கிறேன். அவள் கண்கள்— வேண்டாம். அவள் கண்கள் இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தில் வரும். அதுவரைக்கும் விட்டுவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதிப் பின்கட்டில் துணி காயப்போட்ட கயிறு பாரம் தாங்காமல் விழுந்தது. துவைத்த வெள்ளைச் சீருடையெல்லாம் சேற்றில். “அடக் கர்மமே, கொடி அறுந்துச்சு!” என்றாள் மேரி.

லோகாம்பாள் ஓடிவந்து சோப்புக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

“அய்ய, அப்பிடி சொல்லாதமா!”

“இன்னா சொல்லிட்டன் இப்ப?”

“அந்த வார்த்த. தாலிக்கயிறு பூட்ச்சின்னா இன்னான்னு சொல்வாங்க உங்க தெருவுல?”

“பெருகிச்சுன்னு சொல்வாங்க. எங்கம்மாவே சொல்லும்.”

“அது மாரிதான். எங்க வூட்ல எந்த நூலுக்கும் அதான். தறியில கூறைப்பொடவ ஓடிக்கினு இருக்கும், யாரோ ஒரு பொண்ணு கட்டிக்கப் போறா. அதுல இழ பூட்ச்சின்னா வாயால அத சொல்லலாமா? பெருகிச்சுன்னு சொல்லிட்டுப் பிணைக்கணும். சின்ன வயசுல மாத்தி சொல்லிட்டு எங்கம்மா கையால வாங்கியிருக்கறன்.”

“கொடிக்கயிறுகூடவா பெருகும்?”

“கொடிக்கயிறும் நூலுதான?” என்றாள் லோகாம்பாள், நிஜமான அக்கறையோடு. பிறகு, “இத சனிக்கெழம போர்டுல எயுதட்டுமா மேரி? டீச்சருக்குப் புதுசா இருக்கும்.”

மேரி சேற்றுத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “எயுதாத. மூடநம்பிக்கன்னு சிரிப்பாங்க.”

லோகாம்பாள் எழுதவில்லை.

(அடிக்குறிப்பு: டீச்சர் சிரித்திருக்கமாட்டார். மேரிக்கு அது தெரியும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு நட்சத்திரம் போய்விடும் என்பதும் தெரியும்.)

5

நோட்டு நன்றாக வேலை செய்ததால், டீச்சர் பெரிய டாக்டரிடம் பேசி அதை வார்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். ராத்திரி வேலை பார்க்கும் மாணவி தன் வீட்டுச்சொல் நோட்டில் அறிக்கை எழுத வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு டீச்சர் வந்து எல்லாவற்றையும் வாசித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். பகல் வேலைக்கு வருகிறவள் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். பழைய மூன்று வாக்கியம் ஒழிந்தது.

ஏழாம் படுக்கையில் பூவம்மாள். திருப்புட்குழிக்காரர், நாற்பது வயது, கர்ப்பப்பையை எடுத்து ஆறாவது நாள். பயிர் வேலை செய்த உடம்பு, படுத்திருக்கப் பிடிக்காது. “இன்னும் எத்தினி நாளுக்கு என்ன கட்டிப் போட்டு வெப்பீங்க? என் மாடு என்ன மறந்துடும்” என்பார். கணவர் வரதராஜன் வாரத்துக்கு மூன்று தரம் பேருந்தில் வந்து, வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரக் கூச்சம்.

திங்கட்கிழமை இரவு லோகாம்பாள் வேலை. பூவம்மாளுக்கு இருமல் பிடித்திருந்தது. பெரிய நர்ஸ் பிரசவ அறையில் மாட்டிக்கொண்டிருந்தார். லோகாம்பாள் போய்ச் சொன்னதற்கு, “நல்லா எயுதி வை, டீச்சர் வந்து பாப்பாங்க” என்றார். அவள் எழுதினாள். ஒரு எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது:

‘7ஆம் படுக்கை பூவம்மாள் அம்மா. விடியறதுக்குள்ள நாலு வாட்டி பலமா இருமினாங்க. தையல்ல ரெண்டு நூல் பெருகிச்சு. வேற துணி வெச்சிக் கட்டி இருக்கறேன்.’

ரூத் டீச்சர் வாசித்தார். இருமியிருக்கிறார்; பயந்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; அவர் வந்து இரண்டு தையல் அதிகப்படியாகப் போட்டிருக்கிறார்; மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒன்றும் இடிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தோடு அழகாகப் பொருந்தியது. ‘பெருகிச்சு’க்கு மேல் ஒரு நட்சத்திரம் வரைந்து, ஓரத்தில் ‘ரூ.தே.’ என்று போட்டார்.

ஏழு மணிக்கு மேரி வந்தாள். நோட்டைப் படித்தாள். ‘பெருகிச்சு’ என்ற இடத்தில் அவள் வாயில் சோப்புக் கசந்தது. தையல் அறுந்திருக்கிறது. ஒரு சொல்லும் விடாமல் அவளுக்கு விளங்கியது. தாலிக்கு அந்தச் சொல் தெரிந்தவர்கள் இருக்கலாம்; தையல் நூலுக்கும் அதுதான் என்று அந்த ஆஸ்பத்திரியில் விளங்கிக்கொள்ளக்கூடிய இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் ராத்திரி முழுக்க விழித்துவிட்டு விடுதிக்குத் தூங்கப் போய்விட்டாள்.

அதற்கு மேலே நட்சத்திரம்.

டீச்சர் பாத்துட்டாங்க, கையெழுத்தும் போட்டுட்டாங்க. அப்படியென்றால் டாக்டருக்குச் சொல்லியிருப்பார்கள். இது மேரி அப்போது நினைத்தது. ‘இதுக்குக்கூட இவளுக்கு நட்சத்திரமா’ என்பதும் அப்போது நினைத்ததுதான். எதை முதலில் நினைத்தாள் என்று ஒன்பது வருடமாக யோசிக்கிறேன்; நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

ஏழரைக்கு உப்புமா மணி அடித்தது.

6

பத்தரை மணிக்குத் தலைவாரிக்கொள்ள எழுந்து உட்கார்ந்தார் பூவம்மாள். சீப்பை நீட்டியவள் மேரி.

“யம்மா, உள்ள என்னமோ அவுந்துக்கிச்சுமா” என்றார் அவர். வலி என்றுகூடச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டதுபோலச் சொன்னார்.

மேரி கட்டைப் பிரித்தாள். குடல் வெளியே வந்திருந்தது. சனிக்கிழமை வகுப்பில் எல்லாவற்றுக்கும் ‘அந்த மாரி, இந்த மாரி’ என்று ஒப்பிட்டுச் சொன்னவளுக்கு அன்றைக்கு ஒரு ‘மாரி’யும் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. குடல் வெளியே வந்திருந்தது.

டீச்சர் கற்றுக்கொடுத்தபடியே முழங்காலை மடக்கிவைத்தாள், கொதிக்கவைத்து ஆறின உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூடினாள், உள்ளே தள்ள முயலவில்லை, கத்தினாள். எல்லாம் சரியாகச் செய்தாள். மூன்று மணி நேரம் கழித்து.

7

(இங்கே ரூத் டீச்சரைக் கொஞ்சம் சந்தேகப்பட்டுவிட்டு மேலே போகிறேன். ‘பைய’வில் அடிபட்டவர் ஏன் ‘பெருகிச்சு’வில் கேட்கவில்லை? தெற்கிலும் சில வீடுகளில் தாலிக்கு இந்தச் சொல் உண்டு என்கிறார்கள். அவர் வீட்டில் இல்லையா? இருந்தாலும் தையல் நூல்வரைக்கும் அவர் யோசனை போயிருக்காது. எனக்குத் தோன்றுவது இதுதான்: சொல் அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் அவர் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. நட்சத்திரம் போட்ட இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால்—

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் பழி அவர் தலைக்குப் போகும். எனக்கு அது சௌகரியம். அதனாலேயே முடிக்கவில்லை.)

8

மறுநாள் புதன்கிழமை, பெரிய டாக்டர் அறையில் விசாரணை. அவர் நெல்லூர்க்காரர், தமிழ் பேசுவார், வாசிப்பது தடுமாற்றம். மறு ஆபரேஷன் முடிந்து பூவம்மாள் உள்ளே கிடந்தார், உயிரோடு. வரதராஜன் வேப்பமரத்தடியில். அறைக்குள் டீச்சர், பெரிய நர்ஸ், வார்டு வேலையிலிருந்த மாணவிகள் நாலு பேர். நடுவில் லோகாம்பாள்.

டாக்டர் நோட்டைத் தட்டினார். “இந்த வார்த்தைக்கு ஏமி அர்த்தம்?”

“கூடிட்டுன்னு அர்த்தம் டாக்டர்” என்றார் ரூத் டீச்சர். அவர் முகம் வெளுத்திருந்தது. “தண்ணி பெருகுது, கூட்டம் பெருகுதுன்னு சொல்லுவோம்லா. ரெண்டு தையல் கூடப் போட்டிருக்காவன்னுதான் நான் வாசிச்சேன்.”

“இல்ல டாக்டர்” என்றாள் லோகாம்பாள். குரல் எழும்பவில்லை. “எங்க வூட்ல நூலுக்கு அப்பிடித்தான் சொல்றது.”

“எப்பிடி? நூல் என்ன ஆச்சு? அறுந்துபோச்சா? அதைச் சொல்லு.”

லோகாம்பாள் உதட்டைக் கடித்தாள். “அந்தம்மா இன்னும் உள்ள படுத்துக்கினு இருக்கறாங்க டாக்டர். அவங்க வூட்டுக்காரர் வெளிய குந்திக்கினு இருக்கறாரு. அந்த வார்த்தைய இப்ப சொல்லக்கூடாது.”

“சொல்லக்கூடாதா? நீ நர்ஸா, பூசாரியா?”

“பெருகிச்சுன்னா… பெருகிச்சுதான் டாக்டர்.”

“தப்பு பண்ணிட்டு இப்போ கதை சொல்றே.” டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். “இந்தப் பொண்ணு சொல்ற அர்த்தம் வேற யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்கோ. ஒருத்தர் சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்.”

அப்போதுதான் லோகாம்பாள் திரும்பி மேரியைப் பார்த்தாள். ‘சொல்லு’ என்றோ ‘காப்பாத்து’ என்றோ கேட்கிற பார்வை இல்லை. மேரி சொல்லத்தான் போகிறாள் என்று நம்பி, அதற்காகக் காத்திருக்கிற பார்வை.

மேரியின் தலைக்குள் ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: தெரியும் என்றால், ஏழு மணிக்கே படித்தாயே, ஏழாம் படுக்கைக்கு ஏன் போகவில்லை? உப்புமா சாப்பிடப் போனேன் என்று சொல்ல வேண்டும். அப்பா யேசுதாஸ் போன ஞாயிற்றுக்கிழமைதான் வேதக்கோயிலில் எழுந்து, “எம் பொண்ணு நர்ஸாவுது, எங்க வம்சத்துல மொத ஆளு வெள்ளத்துணி போட்டிருக்குது” என்று சாட்சி சொல்லியிருந்தார்.

சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். வாயைத் திறந்தாள்.

“தெரியாது டாக்டர்.”

லோகாம்பாள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ‘மேரிக்குத் தெரியும்’ என்று அவள் சொல்லியிருக்கலாம். கொடிக்கயிறு அறுந்த கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் பெட்டியோடு வெளியே போனாள். பூவம்மாள் சனிக்கிழமை இறந்தார். அது வலிச்சொல் வகுப்பு நாள். டீச்சர் வந்தார், கரும்பலகையில் இருந்த சொற்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார், நோட்டுகளை வாங்கிக்கொண்டார்.

“இனி புஸ்தகத்துல உள்ளபடியே எழுதுங்க பிள்ளைகளா.”

நன்றாக உறங்கினார். புகார் ஏதும் இல்லை.

அடுத்த பங்குனியில் டீச்சர் ஊரோடு போய்விட்டார். போவதற்கு முன்னால் மேரியைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏளா, அந்த வார்த்தை நெசமாவே உனக்குத் தெரியாதா? நீயும் இந்தப் பக்கத்துப் பிள்ளதான? நான் சொல்லிக்குடுத்த முறையே தப்போன்னு ராத்திரி உறக்கம் வரமாட்டேங்கு.”

“தெரியாது டீச்சர்.”

(இரண்டு முறைதான். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை; சேவலும் கூவவில்லை. அந்தப் பழைய கதையோடு ஒப்பிட்டு மேரியைப் பெரிய ஆளாக்க வேண்டாம். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்த அந்தச் சீடர் பிறகு வெளியே போய் மனம் கசந்து அழுதார். மேரி பரீட்சை எழுதி இரண்டாவதாக வந்தாள்.)

9

முடிவுகள்.

அ. மேரி சொல்கிறாள்: “தெரியும் டாக்டர்.” லோகாம்பாள் தப்பிக்கிறாள். மேரியின் சீருடையைக் கழற்றுகிறார்கள். அவள் சூளைக்குத் திரும்பிக் கல் சுமக்கிறாள், நிம்மதியாக. (நிம்மதியாகக் கல் சுமந்த யாரையும் நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

ஆ. பூவம்மாள் பிழைத்து, மாடு கன்று போட்டதும் ஒரு தூக்கு நிறையச் சீம்பாலோடு வருகிறார். இந்த முடிவை மூன்று பக்கம் எழுதினேன். அவர் மாட்டுக்குப் பேர்கூட வைத்தேன். பிறகு வரதராஜன் ஞாபகத்துக்கு வந்தார்: பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த மனைவியின் புடவையை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவர் இருக்கும்போது அந்த முடிவு செல்லாது.

இ. டீச்சருக்கு மேரி ஒரு கடிதம் எழுதுகிறாள்: முறை தப்பில்லை டீச்சர், சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. நோட்டு மறுபடி வருகிறது. இந்தத் தரம் ஒவ்வொரு பக்கத்திலும் நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம், கேள்விக்கு ஒரு கட்டம். (விலாசம் இருக்கிறது. எழுதவில்லை.)

ஈ. நடந்தது:

போன மாதம், 1978 ஆவணி, ஐயம்பேட்டை. நடந்து நடந்து மேரிக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவை இரண்டு வருடமாக வேறு ஆளிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்று தள்ள ஆளில்லை. நாலாவது வீட்டில் தறிக்குழியில் லோகாம்பாள். பக்கத்தில் தூளியில் குழந்தை. அவள் அம்மா ரேணுகாம்பாள் நூல்கண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேரி, காலு வலிக்குதா? குந்து” என்றாள் லோகாம்பாள். ஒன்பது வருடம் கழித்து முதல் பேச்சு. நேற்றுப் பார்த்தவளிடம் பேசுவதுபோல.

மேரி குந்தினாள். ஊசியைக் கொதிக்கவைக்க அடுப்பைக் கேட்டாள். குழந்தைக்குத் தொடையில் போட்டாள். அது வீரிட்டதும் லோகாம்பாள் திரும்பினாள். கை தவறி, தறியில் குறுக்கே ஓடும் நாடா இழுத்தது. பாவு நூலில் ஓர் இழை போயிற்று.

“ப்ச், அறுந்துச்சு” என்றாள்.

ரேணுகாம்பாள் வெடுக்கென்று நிமிர்ந்தார். “கூறைப்பொடவடி அது! வாயில இன்னா வார்த்த வருது உனக்கு?”

“அறுந்தா அறுந்துச்சுன்னுதாம்மா சொல்லணும்” என்றாள் லோகாம்பாள். கோபமில்லாமல், நிமிராமல், இரண்டு முனையையும் தேடிப் பிடித்து உமிழ்நீர் தொட்டுத் திரித்துக்கொண்டே. “மாத்திச் சொன்னா யாருக்குப் புரியுது?”

மேரி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரிந்தது என்று சொல்ல இரண்டடி தூரம். இந்தத் தரம் பசியும் இல்லை.

“கொழந்தைக்கு ஜொரம் வருமா மேரி?”

“லேசா வரும். பயப்படாத. ஈரத்துணி போடு.”

பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதினாள், கையெழுத்து வாங்கினாள், பையைத் தூக்கிக்கொண்டு, பைய, இறங்கிப் போனாள்.

10

இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. அடுத்த மாதம் அதே தெருவில் அதே குழந்தைக்கு இரண்டாவது ஊசி. மேரி போவாளா, வேறு ஆளை அனுப்புவாளா, போனால் வாய் திறப்பாளா, திறந்தால் லோகாம்பாள் தறியை நிறுத்துவாளா, எல்லாவற்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு எது தாங்குமோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடன் பாக்கியை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். அது மேரியின் பேரில் இல்லை, என் பேரில் இருக்கிறது. லோகாம்பாளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பதில்: “தெரியும் டாக்டர். பெருகிச்சுன்னா அறுந்துச்சுன்னு அர்த்தம்.”

இன்னும் கொடுக்கவில்லை.